மேலே ஒன்றும் இல்லாத மேற்படி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டுத் தேவி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். இங்கே மலாக்காவில், புக்கிட் பாருவில் ஒரு கடைவீட்டு மாடியில் அவளுக்கு வேலை. நாலைந்து பேர் சேர்ந்து தூதரகங்களுக்கு இணையப்பக்கம் செய்கிறார்கள். எங்கிருந்தோ ஒரு பெரிய பட்டியலை வாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு தூதரகத்துக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியை எடுத்துக் கணினி ஒரு முழுப் பக்கமாக ஆக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில், மலாயில், தமிழில். தமிழைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டது. அச்சகத்தில் ஆயுசைக் கழித்த கிழவி பக்கத்து வீட்டிலேயே இருக்கும்போது அவர்கள் வேறு எங்கே போய்த் தேடுவார்கள்?

முதல் பக்கம் சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவது பக்கத்தில் ஒரு நாட்டின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, அதன் கீழே கொடி. கொடிக்குக் கீழே, "முகவரி: மேற்படி. வேலை நேரம்: மேற்படி."

"தேவி, மேற்படின்னா என்னாம்மா?"

"மேலே சொன்ன மாதிரின்னு அர்த்தம். அதுகூடவா எனக்குத் தெரியாது, ஆன்டி?"

"சரி. மேலே என்னா இருக்கு?"

அவள் குனிந்து பார்த்தாள். சிரித்துவிட்டாள். "கொடிதான் இருக்கு. டேட்டா அப்படித்தான் வந்துச்சி, ஆன்டி. நாங்க எதையும் மாத்துறது இல்ல."

எனக்கு வந்த கோபத்தில் மேசையை ஓங்கி அடித்துவிட்டேன். இனிப்புநீர், அதாவது சர்க்கரை, ஏறிவிட்டதோ என்று அவள் பயந்து தண்ணீர் கொண்டுவரப் போனாள். இனிப்புநீரும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. அறுபது வருடங்களுக்கு மேலாக எனக்குள் இருக்கிற ஒரு மேற்படி அது. "டேட்டா அப்படித்தான் வந்துச்சி" என்ற வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். அப்போது டேட்டா என்ற சொல் எனக்குத் தெரியாது. "பட்டியல்ல அப்படித்தான் இருக்கு" என்று சொன்னேன்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த மறு வருடம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். காஜா பேராங்கில் எங்கள் வீடு. அப்பா ரப்பர் கிட்டங்கியில் எடைபோடுகிறவர். அவருக்குக் கண் மங்கிப்போன பிறகு வீட்டில் சம்பாதிக்க நான் ஒருத்திதான். எனக்கு ஆங்கிலம் படிக்க வரும், தமிழில் எழுத்துப்பிழை கண்ணில் குத்தும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, ஜாலான் துக்காங் எமாஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் புரூஃப் பார்க்கச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

முதலாளியைப்பற்றி எழுத நிறைய இருக்கிறது. பெயர் வேண்டாம். அவர் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியது கிடையாது. வாசல் கூட்டுகிற அம்மாளைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் சொல்வார். எதையாவது முடிவுசெய்துவிட்டால் பேனாவுக்கு மூடி போட்டு, சட்டைப் பையில் சொருகி, பையை இரண்டு முறை தட்டிக்கொள்வார். அதற்கப்புறம் ஆண்டவனே வந்தாலும் அந்த முடிவு மாறாது. புரூஃபை அவர் வாசிக்க மாட்டார். ஜன்னல் பக்கம் திருப்பி, கையை நீட்டி, தூரத்தில் வைத்துப் பார்ப்பார். எங்கே வெள்ளையாக இடம் விட்டிருக்கிறது என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டும். "வெள்ளை விழுந்திருக்கும்மா. வெள்ளை விழுந்தா வாங்குறவங்க நம்மள நம்ப மாட்டாங்க" என்பார். இவ்வளவு மரியாதையான மனிதர் என்று ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மெதுவாகப் பேசுகிறவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று நினைக்கிற வயது.

அச்சுக் கோப்பவர் மணியம் அண்ணன். கம்போசிட்டர் என்போம். எங்கள் காஜா பேராங்கிலேயே, செட்டி கம்பம் என்கிற குடியிருப்புக்காரர். மலாக்காச் செட்டிகளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெயர் நம் பெயர், சாமி நம் சாமி, வீட்டில் பேசுவது மட்டும் மலாய் மாதிரி ஒரு பேச்சு. மணியம் அண்ணனுக்குத் தமிழ் பேசவும் வராது, படிக்கவும் வராது. ஆனால் தமிழ் எழுத்துப் பெட்டியில் எந்த அறையில் எந்த எழுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். எழுத்தின் வடிவத்தைப் பார்த்து அப்படியே கோத்துவிடுவார். தமிழ் படித்த கம்போசிட்டர்கள் தங்கள் இஷ்டத்துக்குச் சொல்லை மாற்றிப்போடுவார்கள். இவர் ஒரு புள்ளி மாற்ற மாட்டார். அவர் கோத்த புரூஃபில் நான் பிழை கண்டுபிடித்தால், அது என் கையெழுத்தில் ஏற்கெனவே இருந்த பிழையாக இருக்கும்.

அந்தக் காலத்தில் கோலாலம்பூரில் ஒவ்வொரு நாடாகத் தூதரகம் திறந்துகொண்டிருந்தது. யாருக்குக் குடியுரிமை, யாருக்குப் பாஸ்போர்ட், யார் எந்த ஆபீசுக்கு எழுத வேண்டும் என்று நம் ஜனங்கள் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்கு எங்கிருந்தோ ஒரு ஆங்கிலக் கையேடு மூன்று நாள் இரவலாகக் கிடைத்தது. அதில் தூதரகங்களின் பட்டியல் இருந்தது. அகலமான பக்கம், நெருக்கமான கட்டங்கள், ஒரு நாட்டுக்கு ஒரு வரி. "இத அப்படியே போட்டா யாரும்மா வாங்குவா? நாட்டுக்கு ஒரு பக்கம் போடுவோம். எந்த நாடு வேணுமோ அந்தப் பக்கத்த மட்டும் வாங்கிக்கட்டும்" என்றார் முதலாளி. இன்றைக்குத் தேவி செய்கிற வேலை அதுதான். அப்போது கணினி இடத்தில் நானும் மணியம் அண்ணனும் இருந்தோம்.

வேலை இப்படி நடந்தது. ஒவ்வொரு வரியையும் நான் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவேன். ஆறு தலைப்பு: நாடு, முகவரி, தொலைபேசி, யாருக்கு எழுதுவது, வேலை நேரம், விண்ணப்பத்தை எப்படிக் கொடுப்பது. சீட்டின் மூலையில் ஆங்கிலப் பட்டியலில் அது எத்தனையாவது வரி என்று எண் போடுவேன். மணியம் அண்ணன் ஆறு தலைப்பையும் ஒரே தடவை கோத்து இரும்புச் சட்டத்தில் இறுக்கி வைத்துவிட்டார். நாடு மாறும்போது தலைப்பு மாறாது. பதில்களை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு, அடுத்த நாட்டின் பதிலைக் கோத்துச் சொருகுவார். ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கம். பார்க்கவே அழகாக இருக்கும்.

கையேட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அவசரத்தில் நான் வேகவேகமாக எழுதினேன். ஆங்கிலப் பட்டியலில் சில கட்டங்களில் மேல் வரியில் உள்ளதே இதற்கும் என்பதற்குச் சின்ன அடையாளம் போட்டிருந்தது. அந்த இடத்திலெல்லாம் என் கை தானாக "மேற்படி" என்று எழுதிக்கொண்டே போனது. பட்டியலில் மேற்படி போட்டால் தவறில்லை, மேலே ஒரு வரி இருக்கிறது. சீட்டில் போட்டால் மேலே என்ன இருக்கிறது? அந்த யோசனையே எனக்கு வரவில்லை. கையேடு திரும்பிப் போய்விட்டது. பிறகு நான் சீட்டுகளையெல்லாம் நம் அகர வரிசையில் அடுக்கினேன். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, இத்தாலி, இந்தியா, இந்தோனேசியா, இலங்கை என்று. தமிழ்ப் புத்தகத்துக்குத் தமிழ் வரிசைதானே முறை என்று எனக்குப் பெருமை வேறு.

மணியம் அண்ணன்தான் முதலில் கேட்டார். ஒன்பது சீட்டில் ஒரே வடிவத்தில் ஒரு சொல் வருவதைப் பார்த்து, அது என்ன என்றார். மேலே உள்ளதே இங்கேயும் என்று மலாயில் சொன்னேன். அவர் இரும்புச் சட்டத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "அத்தாஸ் டியா மானா?" என்றார். இதற்கு மேல் எங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

நியாயமான கேள்விதான். நான் முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்பது சீட்டையும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இதுக்கென்னம்மா, மேல இருக்கிறத எடுத்துப் போடுங்க. வெள்ளையா மட்டும் விடாதீங்க" என்றார். மூடி, பை, இரண்டு தட்டு. முடிந்தது.

நான் உட்கார்ந்து நிரப்பினேன். அடுக்கி வைத்திருந்த கட்டில் இலங்கைச் சீட்டுக்கு மேலே இந்தோனேசியாச் சீட்டு இருந்தது. அதில் கடைசித் தலைப்புக்குக் கீழே "தபாலில் அனுப்பலாம்" என்று இருந்தது. இலங்கைச் சீட்டிலும் மேற்படியை அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். மற்ற எட்டையும் இதே மாதிரி.

மணியம் அண்ணன் அந்தச் சீட்டை வாங்கியவர் கோக்கவில்லை. மூலையில் இருந்த எண்ணில் விரலை வைத்தார். தமிழ் தெரியாவிட்டால் என்ன, எண் தெரியுமே. "இனி அம்பாட்" என்றார். இது நாலு. பிறகு இந்தோனேசியாச் சீட்டின் எண்ணைக் காட்டினார், அது பதினொன்று. "நாலுக்கு மேலே மூணு, தங்கச்சி. நீ ஏன் பதினொண்ணு எடுத்தே?" இதையும் மலாயில்தான் கேட்டார்.

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. "அண்ணே, இது தமிழ் வரிசை. உங்களுக்குத் தெரியாது. கொடுத்தத கோத்துருங்க" என்றேன். பக்கத்தில் மெஷின் ஓட்டுகிறவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மணியம் அண்ணன் தோளைக் குலுக்கி, "யா லா, எனக்கு எங்கே தமிழ் தெரியும்" என்று மலாயில் சொல்லிவிட்டுக் கோக்க ஆரம்பித்தார். மூன்றாம் எண் சீட்டு அதே மேசையில்தான் இருந்தது. அது பர்மா. ஆங்கிலத்தில் பர்மாவுக்குக் கீழே சிலோன், அதாவது இலங்கை. அந்தச் சீட்டை எடுத்துப் பார்க்க எனக்குக் கையை நீட்ட வேண்டிய தூரம்கூட இல்லை. அதில் "நேரில் வர வேண்டும்" என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

பக்கங்கள் நன்றாக விற்றன. முன்பக்க மேசையில் அறை அறையாகத் தடுத்த பெட்டியில் நாட்டு வாரியாக அடுக்கி வைத்திருந்தோம். புரூஃப் இல்லாத நேரத்தில் நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

இலங்கைப் பக்கத்தை வாங்க ராசம்மா அக்கா வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை. அவருடைய புருஷன் யாழ்ப்பாணத்துக்காரர். நோய் கண்டு ஊருக்குப் போனவர், மகளையும் கூட்டிக்கொண்டு போய், அங்கேயே இறந்துவிட்டார். மகள் செல்வி அத்தை வீட்டில் இருந்தாள். அவளை இங்கே கொண்டுவர மலாயா அனுமதி கொடுத்துவிட்டது. தாளில் ஒரு கடைசித் தேதி இருந்தது, தீபாவளி முடிந்து ஒரு வாரம். அதற்குள் பிள்ளை கப்பலில் வந்து இறங்க வேண்டும். கப்பலில் ஏற இலங்கைக்காரர்கள் ஒரு பயணத் தாள் கொடுக்க வேண்டும். அதற்குத் தாய் ஒப்புதல் எழுதி, அனுமதித் தாளோடு சேர்த்துக் கோலாலம்பூரில் கொடுக்க வேண்டும்.

"நேர்ல போவணுமா தங்கச்சி?" என்று கேட்டார். "கோலாலம்பூர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. இங்க லீவும் கொடுக்க மாட்டாங்க. ஆனா போவத்தான் வேணும்னா எப்படியாச்சும் போயிடுவேன்."

நான் அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். "தபால்ல அனுப்புனா போதுங்க்கா. பாருங்க, போட்டிருக்கு" என்றேன். அவருக்கு எவ்வளவு நிம்மதி! செல்வியின் படத்தை எடுத்துக் காட்டினார். இரட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை. இப்போது பல் முளைத்திருக்கும் என்று சொல்லிச் சிரித்தார்.

ஏழாவது வாரம் அந்த உறை திரும்பி வந்தது. அனுமதித் தாள், ஒப்புதல் கடிதம் எல்லாம் அப்படியே இருந்தன. மேலே ஆங்கிலத்தில் ஒரு துண்டுக் கடிதம்: விண்ணப்பிப்பவர் நேரில் வர வேண்டும். ராசம்மா அக்கா அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார், வாசித்துச் சொல்ல. நான் வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். பிறகு உள்ளே போய்ச் சீட்டுகள் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். நாலாம் எண் சீட்டை எடுத்தேன். மூன்றாம் எண் சீட்டை எடுத்தேன். நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மறுநாள் முதலாளியிடம் கேட்காமல் லீவு போட்டுவிட்டு ராசம்மா அக்காவோடு கோலாலம்பூர் பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க அவர் உறையை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார். அங்கே இலங்கைத் தூதரகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி வயதானவர், நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, பயணத் தாளை இன்றைக்கே தருகிறேன், அம்மா, ஆனால் உங்கள் மலாயா அனுமதியின் தேதி போய்விட்டதே என்றார். ஒன்பது நாள் தாண்டியிருந்தது. அந்த அனுமதி இல்லாமல் எந்தக் கப்பலும் பிள்ளையை ஏற்றாது. திரும்பி வந்து புது அனுமதிக்கு எழுதிப் போட்டோம். இடையில் செல்விக்கு ஒரு பிறந்தநாள் வந்துவிட்டது. வயது வரம்பு தாண்டிவிட்டது என்று பதில் வந்தது. அவ்வளவுதான். ஒரு பிள்ளை தன் தாயிடம் வர முடியாமல் போனதற்கு ஒன்பது நாள் காரணம், அந்த ஒன்பது நாளுக்கு ஒரு மேற்படி காரணம்.

பதில் வந்த அன்று ராசம்மா அக்கா அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அச்சகத்துக்குள் வந்து நின்றார். சத்தம் கேட்டுச் சந்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"எவன் எழுதினான் இத? எம் பிள்ளைய என்கிட்டேருந்து பிரிச்சவன் எவன்? வரச் சொல்லுங்க அவன!"

நான் எழுந்தேன். வாயைத் திறக்கும் முன்னால் முதலாளி வந்துவிட்டார். கையைக் கூப்பினார். "மன்னிச்சுக்கங்கம்மா. அச்சுப்பிழை. எங்க கம்போசிட்டருக்குத் தமிழ் தெரியாது. நாங்க ஒண்ணு எழுதிக் கொடுக்க, அவர் ஒண்ணு கோத்துட்டார்" என்றார், அதே மெதுவான குரலில்.

ராசம்மா அக்கா திரும்பி எழுத்துப் பெட்டிப் பக்கம் பார்த்தார். மணியம் அண்ணனுக்கு என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. ஒரு அம்மாள் தன்னைப் பார்க்கிறாளே என்று மரியாதைக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ராசம்மா அக்கா காறித் துப்பிவிட்டு வெளியே போனார். நான் எழுந்து நின்றவள் நின்றபடியே நின்றேன்.

கூட்டம் கலைந்த பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மீதி இருக்கிற பக்கத்துலல்லாம் ஒட்ட ஒரு திருத்தச் சீட்டு அடிச்சிடுவோம்மா" என்று தானே சொல்ல, நான் எழுதினேன். "இலங்கைப் பக்கத்தில் 'தபாலில் அனுப்பலாம்' என்பதை 'நேரில் வர வேண்டும்' என்று திருத்தி வாசிக்கவும். இது தமிழ் அறியாத அச்சுக் கோத்தவரால் நேர்ந்த பிழை." மற்ற எட்டுப் பக்கங்களையும் நான் சரிசெய்தாக வேண்டும் என்றேன். செய்யுங்கள் என்றார். இரண்டாவது வாக்கியம் உண்மை இல்லை, ஐயா என்றேன்.

"உண்மைய போட்டா யார் பேர் வரணும்? உங்க பேரு. அப்புறம் உங்கள நான் எப்படிம்மா வச்சிருக்கிறது? அவருக்கு என்ன, படிக்கவா போறாரு?"

மூடி போட்டார். சொருகினார். தட்டினார்.

எனக்கு வேலை வேண்டும். அப்பாவுக்குக் கண் இல்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் எல்லாமே உண்மைதான். உண்மையாக இருந்து என்ன பிரயோசனம்?

அந்தச் சீட்டைக் கோத்தவர் மணியம் அண்ணன். அச்சகத்தில் வேறு கம்போசிட்டர் கிடையாது. என் கையெழுத்தைப் பெட்டிக்கு மேலே சொருகி வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக எடுத்துக் கோத்தார். தன்னைப்பற்றிய பொய்யைத் தன் விரலாலேயே கோத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். முடித்துவிட்டு, "இனி அப்பா?" என்று கேட்டார். இது என்ன?

"திருத்தம், அண்ணே."

அவர் முகம் மலர்ந்தது. "நொம்போர் சூடா பெத்துல்?" என்றார். எண் இப்போது சரியாகிவிட்டதா என்று.

சரியாகிவிட்டது என்றேன்.

அதை நான்தான் புரூஃப் பார்த்தேன். ஒரு புள்ளி தவறவில்லை. என் கையெழுத்தைப் போட்டு மெஷினுக்கு அனுப்பினேன்.

அந்த மாதக் கடைசியில் முதலாளி மணியம் அண்ணனிடம், கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள், தமிழ் தெரிந்த ஆள் ஒருவரைப் போட்டுப் பார்க்கிறேன் என்று மரியாதையாகச் சொன்னார். மணியம் அண்ணன் ஆற்றங்கரைக் கிட்டங்கியில் மூட்டை அடுக்கப் போனார். எழுத்துப் பெட்டியில் ஊசிமுனை எழுத்தைத் தடவி எடுத்த விரல்கள். புதிதாக வந்த தமிழ் தெரிந்தவர் சொல்லுக்குச் சொல் பிழை விட்டார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்த அச்சகத்திலேயே இருந்து, தலைமை புரூஃப் ரீடர் ஆகி, ஓய்வு பெறும்போது மாலை போட்டுக்கொண்டேன். "பிழை பொறுக்காதவர்" என்று ஒருத்தர் மேடையில் பேசினார். நான் முகத்தை மாலைக்குள் புதைத்துக்கொண்டேன். நன்றியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ராசம்மா அக்கா பல வருடம் கழித்து, மகள் செல்வியின் கல்யாணத்துக்கு ஒரு தடவை யாழ்ப்பாணம் போய்வந்தார். கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னார்: "வாசல்ல நின்னு 'வாங்கோ'ன்னு கூப்பிட்டா தங்கச்சி. விருந்தாளிய கூப்பிடுற மாதிரி." அங்கே எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அது அவர்கள் ஊர் வழக்கம் என்றேன். "தெரியும். அவரும் அப்படித்தான் பேசுவாரு. ஆனா எனக்கு விருந்தாளின்னுதானே கேட்டுச்சி" என்றார். அந்தப் பக்கத்தை எழுதியது நான்தான் என்று அப்போதுகூட நான் சொல்லவில்லை.

தேவி தண்ணீரோடு வந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கா ஆன்டி இவ்ளோ டென்ஷன்? ஈசியா சரி பண்ணிடலாம். மேற்படி வர்ற இடத்துல மேல் வரியில இருக்கிறத எடுத்துப் போடுன்னு புரோகிராம்ல சொல்லிட்டா, ஒரே நிமிஷம்" என்றாள்.

"எந்த வரிசையில மேலே?"

"தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழ் வரிசைதான். ஏ பி சி-ல போட்டா நீங்களே திட்டுவீங்களே."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவளுடைய தமிழைவிட அவளுடைய மலாய் நல்லது என்று எனக்குத் தெரியும். "அத்தாஸ் டியா மானா, தேவி?" என்று கத்தினேன். "அத்தாஸ் டியா மானா?"

ஒரு நொடிதான். அவள் கண் விரிந்தது. கணினியைத் திருப்பி மூலப் பட்டியலைத் திறந்தாள். ஆங்கில வரிசை, தமிழ் வரிசை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஐயோ" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை என் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. மீதிக் கோபம் யார்மேல் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் செட்டி கம்பத்துக்கு நடந்து போனேன். என் வீட்டிலிருந்து மூன்று தெரு. மணியம் அண்ணன் இறந்து வெகுகாலம் ஆகிறது. மகள் இருக்கிறாள், அவளுக்கே எழுபது இருக்கும். நடந்ததையெல்லாம் மலாயில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவள் வாசலில் நின்றபடியே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"பாப்பா தாஹு" என்றாள். அப்பாவுக்குத் தெரியும். கோயிலில் யாரிடமோ அந்தத் திருத்தச் சீட்டைக் காட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "அதனாலதான் உங்க கல்யாணத்துக்கு அவர் வரல. எங்களையும் போகக் கூடாதுன்னு சொல்லிட்டார்."

அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. மலாயில் எழுதியதை அவள் வாங்கிக்கொள்ளவில்லை என்பதால் தமிழில் இங்கே போடுகிறேன். முதலாளி இல்லை, மூடி போட்டுத் தட்ட ஆள் இல்லை. அச்சக வழக்கப்படியே போடுகிறேன்.

திருத்தம்: முன்னர் வெளியான எங்கள் திருத்தச் சீட்டில் "தமிழ் அறியாத அச்சுக் கோத்தவரால்" என்பதை "தமிழ் அறிந்த, எண்ணைப் பார்க்காத, சொன்னதைக் கேட்காத புரூஃப் பார்த்தவளால்" என்று திருத்தி வாசிக்கவும்.